கடுகளவு பயணிகளும் கடல் ஓதமும்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் போகும்போது, நகரத்தைத் தாண்டியதும் அடுத்தடுத்து இரண்டு பாலங்கள் வரும். முதல் பாலம் அரியாங்குப்பம் ஆற்றின் மேல் உள்ளது. இரண்டாவது நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றின் மேல் உள்ளது. இரண்டு ஆறுகளும் ஒரு தாய் பிள்ளைகள்தாம். செஞ்சிப் பக்கத்து மலைகளில் தோன்றி வரும் சங்கராபரணி ஆறு, கடலை நெருங்கும்போது இப்படி இரண்டாகப் பிரிகிறது.

நீங்கள் முதல் பாலத்தின் நடைபாதையில் நின்று ஆற்றைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். தண்ணீரில் ஒரு வாழைமட்டை மிதந்து வருகிறது. அது கிழக்கே, கடலை நோக்கிப் போகிறது. ஆறு கடலுக்குத்தானே போகும், இதில் என்ன வியப்பு என்பீர்கள். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்திற்கு வந்து பாருங்கள். இப்போது மிதப்பவையெல்லாம் மேற்கே, ஊருக்குள் போய்க்கொண்டிருக்கும். ஆம், ஆறு பின்னோக்கி ஓடுகிறது!

கடலின் ஏற்றமும் வற்றமும் ஆற்றுக்குள் நடத்தும் வேலை இது. வாழைமட்டைக்குப் போக வேண்டிய ஊர் என்று ஒன்று இல்லை. இழுத்த பக்கம் அது போகும். ஆனால் அதே தண்ணீரில் கடுகைவிடச் சிறிய உயிர்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்குப் போய்ச்சேர வேண்டிய இடம் உண்டு. சில உள்ளே வர வேண்டும். சில உள்ளேயே தங்க வேண்டும். சில வெளியே போயாக வேண்டும். ஓடும் ஆற்றை எதிர்த்து நீந்த வலிமையற்ற இந்தச் சிற்றுயிர்கள் தம் இடத்தை எப்படி அடைகின்றன? இந்தக் கேள்விக்கு விடை தேட உயிரியலும் வேண்டும், பௌதிகமும் வேண்டும்.

ஆற்றுக்குள் வரும் கடல்

முதலில் ஓதத்தைப் பார்ப்போம். சந்திரன் பூமியை ஈர்க்கிறது. தனக்கு அருகில் உள்ள பக்கத்தைச் சற்று அதிகமாகவும், அப்பாலுள்ள பக்கத்தைச் சற்றுக் குறைவாகவும் ஈர்க்கிறது. இந்த வேறுபாட்டினால் கடல்நீர் இரு பக்கங்களிலும் மேடிடுகிறது. பூமி சுழலும்போது நம் கடற்கரை ஒவ்வொரு மேட்டையும் ஒருமுறை சந்திக்கிறது. ஆகவே ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம்.

ஆனால் சரியாக 24 மணி நேரத்தில் இது முடிவதில்லை. பூமி ஒருமுறை சுழல்வதற்குள் சந்திரனும் தன் பாதையில் சற்று முன்னே போய்விடுகிறது. அதை எட்டிப்பிடிக்கப் பூமி இன்னும் 50 நிமிடம் சுழல வேண்டும். அதனால் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே 12 மணி 25 நிமிடம் ஆகிறது. இன்று காலை 6 மணிக்கு நீர் உச்சத்தில் இருந்தால், நாளைக் காலை 6 மணி 50 நிமிட அளவில் உச்சத்தை அடையும்.

சூரியனும் ஓதத்தை உண்டாக்குகிறது. அதன் பங்கு சந்திரனுடைய பங்கில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் நின்று சேர்ந்து இழுப்பதால் ஏற்றம் மிகுதி. அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் செங்கோணத்தில் நின்று ஒன்றின் வேலையை மற்றொன்று குறைப்பதால் ஏற்றம் குறைவு.

ஓதத்தின் அளவு எல்லாக் கரைகளிலும் ஒன்றாக இருப்பதில்லை. கடலின் ஆழமும் வளைகுடாவின் வடிவமும் அதைக் கூட்டும், குறைக்கும். கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் நீர்மட்டம் 16 மீட்டர் வரை ஏறி இறங்கும். நம் நாட்டில் காம்பே வளைகுடாவிலுள்ள பாவநகரில் 10 மீட்டரைத் தாண்டும். புதுச்சேரியிலோ அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட அது ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். மற்ற நாட்களில் இன்னும் குறைவு.

இதென்ன, இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று எண்ணிவிடாதீர்கள். நம் கடற்கரை தட்டையானது. ஆற்றின் தரையும் மெல்லத்தான் சரிகிறது. ஆகவே கடல் ஒரு முழம் உயர்ந்தாலும் உப்புநீர் ஆற்றுக்குள் கிலோமீட்டர் கணக்கில் ஏறிவிடும். இப்படிக் கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்து முன்னும் பின்னும் ஓடும் பகுதியைத்தான் கழிமுகம் என்கிறோம்.

ஒரு குவளை நீரில் ஓர் ஊர்

கழிமுகத்து நீரை மெல்லிய நைலான் வலையில் வடிகட்டி, வலையில் தங்கியதை ஒரு கண்ணாடித் தட்டில் இட்டு, உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பாருங்கள். புள்ளிகள் துள்ளும். சில சுழலும். சில ஊசிபோல் விருட்டென்று பாயும். நீரோட்டத்தில் அலையும் இத்தகைய உயிர்களுக்கு 1887-இல் ஜெர்மன் விஞ்ஞானி விக்டர் ஹென்சன் 'பிளாங்க்டன்' என்று பெயரிட்டார். 'அலைந்து திரிவது' என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. தமிழில் மிதவை உயிரிகள் என்கிறோம். அவற்றுள் தாவர வகையும் உண்டு, விலங்கு வகையும் உண்டு. இங்கே நமக்கு வேண்டியவை விலங்கு மிதவை உயிரிகள்.

அவற்றுள் முன்வரிசையில் நிற்பவை கோப்பிபாடுகள். 'துடுப்புக்கால்' என்பது இப்பெயரின் பொருள். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. உடல் நீளம் சுமார் ஒரு மில்லிமீட்டர். இவை பிறந்தது முதல் இறப்பது வரை மிதவை உயிரிகளே. இன்னொரு கூட்டம் குழந்தைப் பருவத்தில் மட்டும் மிதவை வாழ்க்கை வாழும். நண்டு, இறால், சிப்பி, மீன் ஆகியவற்றின் லார்வாக்கள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

நண்டின் குழந்தையைப் பார்த்தால் அது நண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெரிய கண், நீண்ட வால், தலையில் கூரிய முள்! ஒரு காலத்தில் விஞ்ஞானிகளே அதைத் தனி விலங்கு என்று கருதி 'ஜோயியா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அயர்லாந்தில் வாழ்ந்த ஜான் வான் தாம்சன் என்ற ராணுவ மருத்துவர், 1820-களில் மெல்லிய வலைகொண்டு கடல்நீரை அரித்து இந்த ஜோயியாக்களைச் சேகரித்தார். அவை நண்டின் இளம் பருவமே என்று காட்டினார். இன்றும் அந்தப் பருவத்துக்கு ஜோயியா என்றே பெயர்.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது அல்லவா? கண்ணுக்குத் தெரியாத பாசிகளைக் கோப்பிபாடுகள் தின்கின்றன. கோப்பிபாடுகளை நெத்திலியும் கவலையும் மற்ற மீன்களின் குஞ்சுகளும் தின்கின்றன. அவற்றைப் பெரிய மீன்கள் தின்கின்றன. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கூடைகூடையாக இறங்கும் மீனின் கணக்கை எழுதத் தொடங்கினால், முதல் வரிகளிலேயே இந்தச் சிற்றுயிர்களின் பெயரை எழுத வேண்டும்.

ஒரு சிறிய கணக்கு

இப்போது பென்சிலை எடுங்கள். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக, கழிமுகத்தின் மேல்மட்ட நீர் வினாடிக்கு சராசரி 30 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். நீங்கள் மெல்ல நடக்கும் வேகத்தைவிட இது குறைவு. ஏற்றம் நீடிக்கும் நேரம் 6 மணி 12 நிமிடம், அதாவது சுமார் 22,300 வினாடி. பெருக்கினால் ஏறத்தாழ 6.7 கிலோமீட்டர். ஒரே ஏற்றத்தில் தண்ணீர் அத்தனை தூரம் உள்ளே போகிறது. அடுத்த வற்றத்தில் அவ்வளவும் திரும்பி வருகிறது.

நம் கோப்பிபாடு விடாமல் நீந்தினால் வினாடிக்கு இரண்டு மில்லிமீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வோம். எதிரியிடமிருந்து தப்பும்போது மின்னல் வேகத்தில் துள்ளும். ஆனால் அது கண நேரம்தான். அதே 22,300 வினாடியில் அது நீந்தும் தூரம் சுமார் 45 மீட்டர். தண்ணீர் 6,700 மீட்டர், கோப்பிபாடு 45 மீட்டர். ஏறத்தாழ 150-க்கு ஒன்று. ஓடும் ரயிலின் உள்ளே எறும்பு பின்பக்கமாக ஊர்ந்து ஊருக்குத் திரும்ப முயல்வது போன்ற காரியம்!

இங்கே பலரும் கணக்கை முடித்துவிடுவார்கள். 'பாவம், அது ஓட்டத்தின் அடிமை' என்பார்கள். ஆனால் நாம் ஒரு திசையை மறந்துவிட்டோம். கழிமுகத்தின் நீளம் கிலோமீட்டர் கணக்கில் இருந்தாலும் அதன் ஆழம் என்ன? பல இடங்களில் இரண்டு மீட்டர்தான். வினாடிக்கு 2 மில்லிமீட்டர் வேகத்தில் இரண்டு மீட்டரைக் கடக்க எத்தனை வினாடி? ஆயிரம் வினாடி. அதாவது 17 நிமிடத்துக்கும் குறைவு!

கிடையாகப் போனால் தோற்கும் உயிர், மேலும் கீழுமாகப் போனால் வெல்கிறது. இந்தக் கட்டுரையில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது இந்த ஒன்றுதான். மேலும் கீழும் போவதால் என்ன லாபம் என்பதை அடுத்துப் பார்ப்போம்.

மேல் தட்டும் கீழ்த் தட்டும்

மேசையின் மேல் ஒரு சீட்டுக்கட்டை வைத்து, மேல் சீட்டை விரலால் தள்ளுங்கள். மேல் சீட்டு அதிகம் நகரும். அடுத்தது சற்றுக் குறைவாக நகரும். மேசையைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிச்சீட்டு நகரவே நகராது. ஓடும் நீரும் இப்படித்தான். தரையை ஒட்டிய நீர், தரையின் உராய்வால் மெல்ல ஊர்கிறது. அதன் மேலுள்ள அடுக்குகள், பாகுநிலையாலும் சுழல்களாலும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு படிப்படியாக வேகம் கூடுகின்றன. மேல்மட்டத்தில் 30 சென்டிமீட்டர் வேகம் இருக்கையில், சேற்றை ஒட்டி 10 சென்டிமீட்டர்கூட இல்லாமலிருக்கலாம்.

இனி ஒரு தந்திரம். நீர் உள்ளே ஏறும்போது மேலே வந்து மிதக்க வேண்டும். நீர் வெளியே வடியும்போது கீழே போய்ப் படுத்துவிட வேண்டும். ஏற்றத்தில் 6.7 கிலோமீட்டர் உள்ளே. வற்றத்தில் 10 சென்டிமீட்டர் வேகத்தில் 2.2 கிலோமீட்டர் வெளியே. மீதி, சுமார் நாலரை கிலோமீட்டர் உள்நோக்கிய பயணம். அதற்கு அந்த உயிர் தன் உடலால் நீந்தியது மொத்தம் நான்கு மீட்டர், ஏற இரண்டு, இறங்க இரண்டு! நாலரை கிலோமீட்டரையும் சந்திரனே இழுத்துக் கொடுத்துவிடுகிறது.

ஊருக்குள் போகும் பஸ் வந்தால் ஏறிக்கொள்வதும், வெளியே போகும் பஸ் வந்தால் இறங்கி நிற்பதும் போன்றது இது. தெரிந்தெடுத்த ஓதப் பயணம் என்று விஞ்ஞானிகள் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

உப்பும் இந்த உயிர்களுக்குத் துணை நிற்கிறது. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. ஆகவே அது நன்னீரைவிடக் கனமானது. ஆற்றில் நன்னீர் வரும் காலங்களில், நன்னீர் மேலே வழுக்கிக்கொண்டு கடலுக்குப் போகிறது. உப்புநீர் அடியில் ஆப்பு போல நுழைந்து உள்ளே வருகிறது. பல ஓதங்களின் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், மேல் தட்டு வெளிநோக்கியும் கீழ்த் தட்டு உள்நோக்கியும் நகர்ந்திருக்கும். எந்தத் தட்டில் எவ்வளவு நேரம் இருப்பது என்பதைச் சரிசெய்துகொண்டால், ஓர் உயிர் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிலைத்திருக்கலாம்.

எப்போதும் இந்தத் தந்திரம் பலிக்கும் என்று சொல்ல முடியாது. காற்றோ வேகமான ஓட்டமோ நீரை அடிவரை கலக்கிவிட்டால், நம் கடுகளவு பயணி மேலும் கீழும் தூக்கி எறியப்படும். தட்டுகள் கலைந்துவிட்டால் தேர்ந்தெடுக்க ஏது இடம்?

மூன்று வகைப் பயணிகள்

பயணிகள் எல்லாருக்கும் ஒரே ஊர் இல்லை என்றேன் அல்லவா?

முதல் வகை, உள்ளே வர வேண்டியவை. வெள்ளை இறால் கடலில்தான் முட்டையிடும். குஞ்சு பல உருவங்கள் மாறி, இரண்டு மூன்று வாரங்களில் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள சிறு இறாலாகிறது. அந்தப் பருவத்தில் அது கழிமுகத்துக்குள் வர வேண்டும். அலையாத்திக் காடுகளின் வேரடியிலும் சேற்றிலும் தின்று வளர்ந்து, சில மாதங்களில் மீண்டும் கடலுக்குப் போகும். சேற்று நண்டின் கதையும் இதைப் போன்றதே.

கேரளத்தில் கொச்சியைச் சுற்றியுள்ள பொக்காளி வயல்காரர்கள் இந்தப் பயணத்தைப் பல தலைமுறைகளாக அறிவார்கள். நெல் அறுவடை முடிந்ததும், ஏற்றத்தின்போது மதகைத் திறப்பார்கள். இரவில் மதகடியில் விளக்கும் வைப்பார்கள். நீரோடு இறால் குஞ்சுகள் வயலுக்குள் வரும். அவை வளர்ந்த பின், வற்றத்தின்போது மதகில் வலை கட்டிப் பிடிப்பார்கள். ஓதமே விதைக்கிறது, ஓதமே அறுவடைக்கும் உதவுகிறது.

இரண்டாம் வகை, உள்ளேயே தங்க வேண்டியவை. கழிமுகத்தையே சொந்த ஊராகக் கொண்ட கோப்பிபாடுகள் இவ்வகை. தினம் இரண்டு முறை வற்றம் அவற்றைக் கடலுக்கு இழுக்கிறது. தங்கும் வழி தெரியாத இனம் சில வாரங்களில் கழிமுகத்தைவிட்டே துடைக்கப்பட்டுவிடும். மேலும் கீழும் நகர்வது ஒரு வழி. இழப்பை ஈடுகட்டும் வேகத்தில் இனம் பெருக்குவது இன்னொரு வழி.

மூன்றாம் வகை, வெளியே போயாக வேண்டியவை. சேற்றுக்கரையில் ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக, அதை ஆட்டி ஆட்டிக் காட்டும் பிடில் நண்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெருக்கடுவன் வேலை அது. பெண் நண்டோ தன் குஞ்சுகளை விடுவதற்கு நேரம் பார்க்கிறது. பெரும்பாலும் இரவில், நீர் உச்சத்துக்கு ஏறி வடியத் தொடங்கும் வேளையில் நீரில் விடுகிறது. வடியும் நீர் விடிவதற்குள் குஞ்சுகளைக் கடலுக்குக் கொண்டு போய்விடும். இருட்டில் மீன்களின் கண்ணுக்கும் தப்பலாம்.

நேரம் எப்படித் தெரிகிறது?

கோப்பிபாடுக்குப் பஞ்சாங்கமும் இல்லை, கைக்கடிகாரமும் இல்லை. ஏற்றம் தொடங்கியதை அது எப்படி அறியும்?

தண்ணீரே அதற்குச் செய்தி சொல்கிறது. ஏற்றத்தில் உப்பு கூடும், வற்றத்தில் குறையும். அமெரிக்காவின் நீல நண்டு லார்வாக்கள், நீரில் உப்பு கூடுவதை உணர்ந்ததும் மேலே நீந்தத் தொடங்குகின்றன. அழுத்தமும் ஒரு செய்திதான். நீர் ஒரு மீட்டர் உயர்ந்தால் அடியில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கூடும். பல நண்டு லார்வாக்கள் அழுத்தம் கூடினால் மேலே ஏறுகின்றன. நீரின் கலக்கமும், பகல் இரவு வெளிச்சமும் கூட அடையாளங்கள்.

இவை போதாதென்று சில உயிர்களுக்கு உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது. தாமஸ் குரோனின், ரிச்சர்டு ஃபார்வர்டு என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் கழிமுகத்தில் பிடித்த நண்டு லார்வாக்களை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து மாறாத சூழ்நிலையில் வைத்தார்கள். அங்கே ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. ஆயினும் லார்வாக்கள் வெளியே ஆற்றில் ஓதம் நடப்பதுபோலவே, அந்தத் தாளத்தில் மேலும் கீழும் போய் வந்தன! இந்த ஆய்வு 1979-இல் வெளியாயிற்று.

இதிலிருந்து ஆராய்ச்சிக்காரர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. பாலத்தடியில் காலை 7 மணிக்கு ஒரு வாளி நீர் எடுத்து எண்ணுகிறீர்கள். மதியம் 1 மணிக்கு அதே இடத்தில் இன்னொரு வாளி எடுக்கிறீர்கள். இரண்டு எண்களும் ஒத்துப்போகா. ஏனென்றால் முதல் வாளி ஆற்றிலிருந்து வந்த நீர், இரண்டாவது கடலிலிருந்து வந்த நீர். மேல்மட்ட நீரும் அடிமட்ட நீரும்கூட ஒத்துப்போகா. ஆகவே கழிமுகத்தில் உயிர்களை எண்ணுபவர்கள் ஒரு முழு ஓதச் சுற்றுக்கும், மேலும் கீழும் மாதிரி எடுக்க வேண்டியிருக்கிறது.

மழை வந்தால்

ஓதம் தினசரிக் கதை. அதற்கு மேல் ஆண்டுக் கதை ஒன்றும் உண்டு. புதுச்சேரியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அப்போது ஆற்றில் வெள்ளம் வந்தால் ஓதம் தோற்றுப்போகும். கழிமுகம் முழுதும் நன்னீராகும். உப்பு தாங்கும் உயிர்கள் கடலுக்கு அடித்துச் செல்லப்படும்.

புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூரைத் தாண்டி, வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் உள்ளது. வெள்ளாற்றுக் கழிமுகத்தின் மிதவை உயிரிகளை அங்குள்ளவர்கள் 1960-களிலிருந்தே ஆராய்ந்து வருகிறார்கள். மழைக்காலத்தில் விலங்கு மிதவை உயிரிகள் குறைவதையும், மழை ஓய்ந்து உப்பு கூடியபின் பெருகிக் கோடையில் மிகுவதையும் அந்த ஆய்வுகள் காட்டின.

வெள்ளம் கெடுதல் மட்டும் செய்வதில்லை. அது கொண்டுவரும் வண்டலும் சத்துப்பொருள்களும் பின்னால் பாசிகள் செழிக்க உரமாகின்றன. துடைப்பதும் வெள்ளம், ஊட்டுவதும் வெள்ளம். மழைக்குப்பின் கழிமுகத்தை மறுபடி குடியேற்றுவது யார்? கடலிலிருந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு வரும் ஓதம்தான். ஆனால் அதற்கு வாசல் திறந்திருக்க வேண்டும்.

வாசல் அடைபட்டால்?

நம் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணலை நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் திசை மாறும். இந்த மணல் ஆற்றின் வாயில் குவிந்து அதை அடைக்கப் பார்க்கிறது. ஓதமோ தினம் இரண்டு முறை உள்ளே போய், இரண்டு முறை வெளியே வந்து, அந்த மணலை வாரித் தள்ளுகிறது. அலைக்கும் ஓதத்துக்கும் நடக்கும் ஓயாத இழுபறி இது.

நம் ஓதம் சிறியது என்று முன்பே சொன்னேன். ஆகவே இழுபறியில் மணலே பல முறை வெல்கிறது. சென்னையில் அடையாற்று வாய் மணல்திட்டால் அடைபடுவதை அந்த ஊர் மாணவர்கள் பார்த்திருப்பார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிக்கு வந்த கப்பல்கள் கரைக்கு வராமல் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. சரக்கையும் மக்களையும் சலங்குகள் என்னும் படகுகள்தாம் அலைகளைக் கடந்து கரை சேர்த்தன. இன்று அரியாங்குப்பம் ஆற்றின் வாயில் மீன்பிடித் துறைமுகத்துக்காகக் கல் கரைகள் கட்டப்பட்டுள்ளன. ஆனாலும் மணல் சேர்வதும், அதைத் தூர்வாருவதும் தேங்காய்த்திட்டு மீனவர்கள் நன்கறிந்த கதை.

இனி இன்னொரு கணக்கு. ஒரு கழிமுகத்தின் நீர்ப்பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர் என்று கொள்வோம். ஓதம் அதில் அரை மீட்டர் ஏறினால், உள்ளே வந்த நீர் 5 லட்சம் கன மீட்டர். இவ்வளவும் 22,300 வினாடிகளில், 60 சதுர மீட்டர் குறுக்களவுள்ள வாய் வழியாக வர வேண்டுமானால் சராசரி வேகம் வினாடிக்குச் சுமார் 37 சென்டிமீட்டர். இப்போது கரையோரச் சதுப்பையும் கிளை ஓடைகளையும் மண் கொட்டி மேடாக்கி, நீர்ப்பரப்பைப் பாதியாக்கி விடுகிறோம். உள்ளே வந்து போகும் நீரும் பாதியாகும். வாயில் வேகமும் ஏறத்தாழ பாதியாகும். மணலை வாரித் தள்ளும் வலிமை அதைவிட வேகமாகக் குறையும். மணல் சேரும். வாய் சுருங்கும். சுருங்கிய வாயில் ஓதம் இன்னும் குறைவாக நுழையும்.

சதுப்பில் ஒருவர் கொட்டும் ஒரு லாரி மண்ணுக்கும், கிலோமீட்டருக்கு அப்பால் ஆற்றுவாய் அடைவதற்கும் தொடர்பு என்ன என்று கேட்டால் இனி நீங்கள் விடை சொல்லலாம். வாய் அடைந்தால் ஏற்றம் இல்லை. கடலில் பிறந்த இறால் குஞ்சு வாசலில் நின்று திரும்ப வேண்டியதுதான். உள்ளே தேங்கிய நீரில் நகரக் கழிவும் சேர்ந்தால், நீரில் கரைந்த ஆக்சிஜன் தீர்ந்து, இருக்கும் உயிர்களும் மூச்சுத் திணறும். அடுத்த ஆண்டு வலையில் இறால் குறையும்போது மீனவர் காரணம் தேடிக் கடலைப் பார்ப்பார். காரணம் அவருக்குப் பின்னால், ஆற்றில் இருக்கலாம்.

நீங்களே பாருங்கள்

முதல் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் பாதியளவு தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். இன்னொரு குவளையில் நல்ல தண்ணீரில் இரண்டு சொட்டு மை கலக்குங்கள். உப்புநீரின் மேல் ஒரு கரண்டியைப் படிய வைத்து, மைநீரை அதன் மேல் மெல்ல மெல்ல ஊற்றுங்கள். மைநீர் மேல் தட்டாக நிற்கும். இதுவே மழைக்காலக் கழிமுகம். இப்போது கரண்டியால் ஒரு கலக்கு கலக்குங்கள். தட்டுகள் மறைந்துவிடும். இது வேகமான ஓட்டம் கலக்கிவிட்ட கழிமுகம்.

இரண்டாவது சோதனைக்கு ஆசிரியரையோ வீட்டுப் பெரியவரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். படகுத்துறை போன்ற பாதுகாப்பான இடத்தில், நீரில் இறங்காமல், தூணிலோ படியிலோ ஓர் அடையாளத்தைத் தேர்ந்தெடுங்கள். நீர் அந்த அடையாளத்திலிருந்து எவ்வளவு உயர்ந்துள்ளது, மிதக்கும் இலை எந்தப் பக்கம் போகிறது என்று மணிக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாளும் செய்யுங்கள். உச்சம் 50 நிமிட அளவில் தள்ளிப்போயிருக்கிறதா? பௌர்ணமியன்றும் அஷ்டமியன்றும் செய்து, இரண்டையும் வரைபடத்தாளில் வரையுங்கள். நீர் ஏறி முடிந்த பிறகும் இலை சற்று நேரம் உள்நோக்கியே போவதைச் சில இடங்களில் காண்பீர்கள். ஏன் என்று யோசித்து வையுங்கள்.

அரியாங்குப்பம் ஆற்றின் கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. ரோமானிய வணிகத்தோடு தொடர்புகொண்டிருந்த பழைய துறைமுக ஊர் அது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். அந்த வணிகர்கள் வருவதற்கு முன்பும், அவர்கள் போன பின்பும், நாள்தோறும் இரண்டு முறை இந்த ஆற்றில் ஏறி இறங்கும் பயணிகள் வேறு சிலர் உண்டு. அவர்களை நீங்கள் இப்போது அறிவீர்கள்.

அடுத்த முறை கடலூர் பஸ்ஸில் அந்தப் பாலத்தைக் கடக்கும்போது, எட்டிப் பார்த்து நீர் எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். உள்நோக்கிப் போனால், மேல் தட்டில் கூட்டம் நிறைந்திருக்கலாம். வெளிநோக்கிப் போனால், பலர் இறங்கிச் சேற்றோரம் அடுத்த ஏற்றத்துக்காகக் காத்திருக்கலாம். அவர்கள் வந்து போகும் வாசலைத் திறந்து வைத்திருப்பது மட்டும் நம் பொறுப்பு.